அந்தப் படிக்கட்டுப் படம் தவறு, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் கல்வி இணைப்பில் வந்த, அமெரிக்காவில் நீதிபதி ஆவது எப்படி என்ற பக்கத்தைத் திருச்சியில் இருக்கும் என் நாத்தனார் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பக்கத்தின் நடுவில் பெரிதாக ஒரு படிக்கட்டு. கீழ்ப்படியில் சட்டக் கல்லூரி, அடுத்ததில் வழக்கறிஞர், அதற்கு மேல் மாவட்ட நீதிபதி, அதற்கும் மேல் மேல்முறையீட்டு நீதிபதி, உச்சியில் உச்ச நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் இத்தனை ஆண்டு என்று ஒரு எண். என் மகள் இங்கே நியூ ஜெர்சியில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. நாத்தனார் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ இப்ப எந்தப் படியில இருக்கா? முப்பத்தஞ்சு வயசுக்குள்ள ஜட்ஜ் ஆயிடுவாளா?"

ஃபோனில் பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசியும் முடிக்க முடியவில்லை. அதே பக்கத்தைப் பார்த்துவிட்டு இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்களோ என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, கணக்கு எழுதுவதுதான் என் தொழில். ஆனால் ஃபெடரல் நீதிபதியை, அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்து நீதிபதியை, நேரில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை, நியூவார்க் நீதிமன்றத்தில் குடியுரிமை உறுதிமொழி எடுத்தபோது. இரண்டாவது முறை, அதே கட்டடத்தில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்களில் ஒருத்தியாக, ஒன்பது நாள் உட்கார்ந்தபோது. அதற்கப்புறம் மகள் சட்டம் படிக்கப் போனதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில், அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. நம் ஊரில் சட்டம் முடித்துவிட்டுத் தேர்வாணையத் தேர்வு எழுதி சிவில் நீதிபதியாக உள்ளே போய், பதவி உயர்வில் மேலே வரலாம். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்துக்கு அப்படித் தேர்வு கிடையாது, பதவி உயர்வு என்ற ஏற்பாடும் கிடையாது. அரசியல் சாசனத்தில் நீதிபதிக்கு இத்தனை வயது, இத்தனை ஆண்டு அனுபவம், இன்ன பட்டம் என்று ஒரு வரிகூட இல்லை. சட்டப் பட்டம் வேண்டும் என்றுகூட எழுதவில்லை. அதிபர் ஒருவரின் பெயரை முன்மொழிந்து அனுப்புவார், நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் விசாரித்து வாக்களிக்கும், பெரும்பான்மை கிடைத்தால் அவர் நீதிபதி. மாவட்ட நீதிபதியாக இருப்பவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் இதே வேலையை ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டும்: புதிதாக முன்மொழிவு, புதிதாக விசாரணை, புதிதாக வாக்கெடுப்பு. பெரும்பாலான மாவட்ட நீதிபதிகள் கடைசி வரை மாவட்ட நீதிபதிகளாகவே இருக்கிறார்கள், அதில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மறுபக்கம், எலினா கேகன் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை. 2010-ல் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உங்கள் படத்தில் அவரை எந்தப் படியில் நிறுத்துவது?

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நீதிபதி என்றவுடன் நம்மவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது, போக்குவரத்து அபராத வழக்கில் முதியவர்களிடம் அன்பாகப் பேசி மன்னித்து அனுப்பும் பிராங்க் கேப்ரியோவின் வீடியோக்கள். அவர் ராட் ஐலண்டில் பிராவிடன்ஸ் நகராட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்தவர். நகராட்சி, மாநிலம், ஃபெடரல் மூன்றும் வேறு வேறு. மாநில நீதிபதிகள் விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழி: எங்கள் நியூ ஜெர்சியில் ஆளுநர் நியமிக்கிறார், ஏழு ஆண்டு கழித்து மறு நியமனம், 70 வயதில் ஓய்வு, ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியா போனால் அங்கே நீதிபதிகள் தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்கிறார்கள். ஃபெடரல் நீதிபதிக்கு ஓட்டும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை. மாவட்ட நீதிமன்றங்கள் 94, மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 13, அவற்றுக்கு மேல் ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு, வாழ்நாள் பதவியில் இருக்கும் இந்த நீதிபதி இடங்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 870தான்.

சரி, அந்த 870 பேரில் ஒருவராக எப்படி வருகிறார்கள்? இதில்தான் உங்கள் பக்கம் அதிகமாகச் சறுக்கியிருக்கிறது. தகுதி இருந்தால் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். தகுதி வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் முதலில் ஒரு இடம் காலியாக வேண்டும். அது உங்கள் மாநிலத்தில் காலியாக வேண்டும். அந்த நேரத்தில் உங்களை அறிந்த, உங்களை ஏற்கிற செனட்டர் இருக்க வேண்டும். மாவட்ட நீதிபதி நியமனத்தில் அந்த மாநிலத்து இரண்டு செனட்டர்களுக்கும் நீல நிறத் தாள் ஒன்று போகும். புளூ ஸ்லிப் என்பார்கள். அதை அவர்கள் சம்மதத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். இது சட்டத்தில் எழுதிய விதி இல்லை, செனட்டின் வழக்கம். மாவட்ட நீதிபதிகள் விஷயத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், மேல்முறையீட்டு நீதிபதிகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கைவிட்டுவிட்டார்கள். பல செனட்டர்கள் உள்ளூர் வழக்கறிஞர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் செய்து, சில பெயர்களை வெள்ளை மாளிகைக்கு அனுப்புகிறார்கள். அதற்கப்புறம் எஃப்.பி.ஐ. விசாரணை. செனட் நீதிக்குழுவின் கேள்விப் படிவம் இருக்கிறதே, அதில் நீங்கள் இதுவரை எழுதிய கட்டுரை, பேசிய பேச்சு, வாதாடியதில் முக்கியமான பத்து வழக்கு, சொத்து, கடன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பகிரங்க விசாரணை. பிறகு காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் நியூ ஜெர்சி நீதிமன்றத்திலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜூலியன் நீல்ஸ் என்பவரை 2015 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா மாவட்ட நீதிபதி பதவிக்கு முன்மொழிந்தார். விசாரணை நடந்தது, நீதிக்குழுவும் ஒப்புதல் கொடுத்தது. முழு செனட்டின் வாக்கெடுப்பு மட்டும் வரவே இல்லை. 2017 ஜனவரியில் அந்த செனட்டின் காலம் முடிந்தது, முன்மொழிவும் காலாவதி. அவர் பெர்கன் கவுண்டி நிர்வாகத்தின் சட்ட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்டு கழித்து அதிபர் பைடன் மறுபடி அதே பெயரை அனுப்பினார், 2021 ஜூனில் 66-க்கு 33 என்று நிறைவேறியது. ஆறு ஆண்டுக்கு மேல்! இந்த இடைவெளியில் அவர் தகுதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது செனட்தான். இன்னும் பெரிய பெயர் வேண்டுமா? இன்றைய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1992-ல் முதலில் முன்மொழிந்தார்கள். வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2001-ல் மறுபடி முன்மொழிந்து, 2003-ல்தான் அவர் நீதிபதியானார். பதினொரு ஆண்டு. எலினா கேகனுக்கும் 1999-ல் இதேதான் நடந்தது, அவருக்கு விசாரணைகூட வைக்கவில்லை.

இதில் நீதிபதி ஆகாதவர்களின் கஷ்டம் மட்டும் இல்லை. இடம் காலியாகக் கிடந்தால் அடி வாங்குவது வழக்கோடு வந்து நிற்கும் சாதாரண மனிதர்கள். நியூ ஜெர்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு ஒதுக்கிய இடங்கள் 17. 2021 தொடக்கத்தில் அவற்றில் 6 காலி. இருக்கிறவர்கள் தலையில் அத்தனை வழக்குகளும் விழுந்தன. காயம்பட்டு நஷ்டஈடு கேட்டவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் எல்லாரும் வரிசையில்தான் நின்றார்கள். ஒரு வேலைக்கான பாதையை விளக்கும்போது, அந்த நாற்காலி காலியாக இருந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் இரண்டு வரி எழுதியிருக்கலாமே.

இனி நான் ஜூரியாக இருந்த கதைக்கு வருகிறேன். எனக்கு இந்த அக்கறை வந்ததே அங்கேதான். கிடங்கில் வேலை செய்த ஒருவருக்கு இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது, அவர் அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்தார். நாங்கள் எட்டு ஜூரிகள். ஒரு நாளைக்கு 50 டாலர் படி, மதியம் ஒரு மணி நேர இடைவெளி. மூன்றாம் நாள் அவரோடு வேலை பார்த்த ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். ஆங்கிலம் ஓரளவு தெரியும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேக வேகமாகக் கேள்வி கேட்டார், சாட்சி ஒவ்வொன்றுக்கும் "எஸ், எஸ்" என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழெட்டு எஸ் ஆனதும் நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். வழக்கறிஞரைக் கடைசிக் கேள்வியை மறுபடி, மெதுவாக, சின்ன வாக்கியமாகக் கேட்கச் சொன்னார். அதே கேள்விக்கு சாட்சி இப்போது "நோ" என்றார். நீதிமன்றம் அப்படியே அமைதியாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து, அந்த சாட்சியை முதலிலிருந்து மறுபடி விசாரித்தார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் வங்கியில், மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில் நானும் இப்படித்தான் எதற்கெடுத்தாலும் எஸ் சொல்லிக்கொண்டிருந்தேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். எதிரில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடித்ததில்லை. இந்த நீதிபதி எப்படிக் கண்டுபிடித்தார்?

தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு எங்களுக்கு நன்றி சொல்ல அவரே ஜூரி அறைக்கு வந்தார், அங்கி இல்லாமல், சாதாரணமாக. வழக்கைத் தவிர எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். நான் இதைத்தான் கேட்டேன். வழக்கறிஞரான புதிதில் ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டு வேலை பார்த்தாராம். வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறவர்கள், கூலி கிடைக்காதவர்கள். அவர்களில் பலர் நீதிமன்றத்தில் பயத்தில் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, வெளியே வந்து, அவர் என்ன கேட்டார் என்று இவரிடம் கேட்பார்களாம். ஒரு முறை அப்படிச் சொன்ன ஒரு ஆமாம்-ஆல் ஒரு குடும்பம் வீட்டை இழந்ததாம். அதிலிருந்து அடுக்கடுக்காக ஆமாம் வந்தால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும் என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு ஜூரி, அப்படியானால் நீதிபதி ஆக வேண்டும் என்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். அப்படி முடிவு செய்து வாழ முடியாது, செய்கிற வேலையைத்தான் செய்ய முடியும், கூப்பிட்டார்கள், வந்தேன் என்றார்.

உங்கள் படிக்கட்டில் விட்டுப்போனது அந்தப் பல ஆண்டுகள்தான் ஐயா. வழக்கறிஞர் என்று ஒரே சொல்லில் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த இருபது ஆண்டில் ஒருவர் யாருக்காக எழுந்து நின்றார், யாருடைய வீட்டுக் கதையைக் கேட்டார் என்பதுதான், பின்னால் மேலே உட்கார்ந்து பார்க்கும்போது எது கண்ணில் படும், எது படாது என்பதைத் தீர்மானிக்கிறது. நெடுங்காலமாக ஃபெடரல் நீதிபதிகளில் பெரும்பாலோர் அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்தியவர்கள், அல்லது பெரிய நிறுவனங்களுக்கு வாதாடும் பெரிய சட்ட அலுவலகங்களில் இருந்தவர்கள். அவர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாத குற்றம்சாட்டப்பட்டவருக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்கள் அந்த நாற்காலிக்கு வருவது அபூர்வமாக இருந்தது. உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒருவர் வர 2022 வரை ஆனது, கெட்டன்ஜி பிரவுன் ஜாக்சன். வாஷிங்டனில் மாவட்ட நீதிபதியாக இருக்கும் அமித் மேத்தா குஜராத்தில் பிறந்தவர், ஐந்து ஆண்டு பப்ளிக் டிஃபெண்டராக இருந்தவர். 2024 ஆகஸ்டில் கூகுள் தேடுதல் வழக்கில் அந்த நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்பெழுதியது அவர்தான்.

எங்கள் நியூவார்க்கில் எஸ்தர் சாலஸ் என்று ஒரு நீதிபதி இருக்கிறார். ரட்கர்ஸ் என்ற எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே பட்டமும் சட்டமும் படித்தவர். ஏறக்குறைய ஒன்பது ஆண்டு ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர். 2006-ல் மாஜிஸ்ட்ரேட் நீதிபதி, 2011-ல் மாவட்ட நீதிபதி. ஹார்வர்டும் யேலும் மட்டுமே வழி என்று நினைத்துப் பயப்படும் பெற்றோர்கள் இந்த வாழ்க்கையைப் படிக்க வேண்டும். இந்த மாஜிஸ்ட்ரேட் நீதிபதி பதவியை உங்கள் பக்கம் சொல்லவே இல்லை, எனக்கு அதில்தான் ஆச்சரியம். ஒரு பிள்ளை தானாக விண்ணப்பிக்கக்கூடிய நேரான வாசல் அதுதான். காலியிடத்தைப் பகிரங்கமாக அறிவிப்பார்கள், குறைந்தது ஐந்து ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும், ஒரு தேர்வுக் குழு வடிகட்டும், மாவட்ட நீதிபதிகள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். செனட் கிடையாது, நீலத் தாள் கிடையாது. எட்டு ஆண்டுப் பதவி, மறுபடியும் நியமிக்கலாம். திவால் வழக்குகளுக்கான நீதிபதிகளும் இப்படித்தான், மேல்முறையீட்டு நீதிமன்றம் நியமிக்கிறது, பதினான்கு ஆண்டு. வாழ்நாள் பதவி இல்லை, ஆனால் தினமும் மனிதர்களின் வழக்கைக் கேட்கும் உண்மையான நீதிபதி வேலை. எங்கள் மாநிலத்திலேயே ஜாஹித் குரைஷி என்பவர், பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்களின் மகன், ராணுவத்தில் சட்ட அதிகாரியாக இருந்தவர், முதலில் மாஜிஸ்ட்ரேட் நீதிபதியாக இருந்துதான் 2021-ல் மாவட்ட நீதிபதியானார். செனட்டில் வாக்கு 81-க்கு 16.

அடுத்து, நம்மவர்கள் விஷயம். ஸ்ரீ ஸ்ரீனிவாசனைப் பற்றி ‘திருநெல்வேலித் தமிழர் சாதனை’ என்று பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. அவர் தந்தையின் ஊர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அவர் பிறந்தது சண்டிகரில், வளர்ந்தது கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறிய நகரத்தில். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 2013 மே மாதம் 97-க்கு 0 என்று ஒருவர்கூட எதிர்க்காமல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தேர்வானார், கீதையின் மேல் கை வைத்துப் பதவியேற்றார், 2020-ல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். இதெல்லாம் உங்கள் செய்தியில் இருந்தது. இல்லாதது இது: அவர் சட்டப் படிப்பை முடித்தது 1995-ல். நடுவில் பதினெட்டு ஆண்டு. அதில் இரண்டு நீதிபதிகளிடம் லா கிளார்க், தனியார் சட்ட அலுவலகம், அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் அலுவலகத்தில் ஐந்து ஆண்டு, அதுவும் குடியரசுக் கட்சி ஆட்சியில், பிறகு ஜனநாயகக் கட்சி ஆட்சியில் அதே அலுவலகத்தில் இரண்டாம் இடம். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடியிருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் அவர் வேலையைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், அதுதான் அந்த 97. அவரையும் 2012-ல் முதல் முறை முன்மொழிந்தபோது காலம் முடிந்து திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

லா கிளார்க் என்றதும் நம் ஊர் நீதிமன்ற குமாஸ்தா வேலை என்று நினைத்துவிட வேண்டாம், என் நாத்தனார் அப்படித்தான் நினைத்தார். சட்டப் படிப்பை முடித்த புதிதில் ஓராண்டோ இரண்டாண்டோ ஒரு நீதிபதியின் அறையிலேயே இருந்து, வழக்குக் கட்டைப் படித்து, சட்டத்தைத் தேடி, தீர்ப்பின் வரைவை எழுதிக் கொடுக்கும் வேலை. நீதிபதி எப்படி யோசிக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நியூயார்க் மாவட்ட நீதிபதியாக 2023-ல் வந்த அருண் சுப்ரமணியன் கணினி அறிவியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். மூன்று நீதிபதிகளிடம் கிளார்க்காக இருந்திருக்கிறார், அதில் ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க். இந்த வேலைக்கு ஆஸ்கர் என்ற நீதித்துறை இணையதளத்தில் மாணவர்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம். பெரிய நகரத்து நீதிபதிகளுக்கு விண்ணப்பங்கள் குவியும். சின்ன ஊர் நீதிபதிகளுக்கும், மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகளுக்கும், மாநில நீதிபதிகளுக்கும் கிளார்க் வேண்டும், நம் பிள்ளைகள் அங்கே பார்ப்பதே இல்லை. எஸ்தர் சாலஸ் தொடங்கியதே மாநில நீதிபதி ஒருவரிடம் கிளார்க்காக இருந்துதான்.

சம்பளம் பற்றி உங்கள் பக்கம் வாயைப் பிளந்திருந்தது. 2025-ல் மாவட்ட நீதிபதிக்கு ஆண்டுக்கு 2,47,400 டாலர். பெரிய தொகைதான். ஆனால் நியூயார்க் பெரிய சட்ட அலுவலகங்களில் படித்து முடித்து முதல் நாள் வருகிற பையனுக்கே 2,25,000 டாலர், அதற்கு மேல் போனஸ். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் அங்கே சம்பாதிப்பது இதைப் போலப் பல மடங்கு. அதை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். வந்த பிறகு வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது, கட்சி வேலை கூடாது, நிதி திரட்டக் கூடாது, தன்னிடம் பங்கு இருக்கும் நிறுவனத்தின் வழக்கைத் தொடக் கூடாது. பழைய நண்பர்களோடு பழகுவதில்கூட ஒரு இடைவெளி வந்துவிடும். இதற்கு ஈடாக அரசியல் சாசனம் தருவது இரண்டு: பதவியில் இருக்கும் வரை சம்பளத்தைக் குறைக்க முடியாது, நன்னடத்தை இருக்கும் வரை பதவியிலிருந்து எடுக்க முடியாது. இருநூறு ஆண்டுக்கு மேலான வரலாற்றில் செனட் விசாரித்து நீக்கிய ஃபெடரல் நீதிபதிகள் எட்டே பேர். தன்னை நியமித்த அதிபருக்கு எதிராகவே தீர்ப்பெழுதிவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடிகிறது என்றால் இதனால்தான்.

ஆனால் ஆபத்து இருக்கிறது. எஸ்தர் சாலஸ் பெயரை மேலே சொன்னேனே, 2020 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொருள் கொண்டுவந்து கொடுப்பவன் போல வேஷம் போட்டு ஒருவன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் முன்னால் ஒரு வழக்கில் வந்திருந்த வழக்கறிஞர் அவன். கதவைத் திறக்கப் போன ஒரே மகன் டேனியல் சுட்டுக் கொல்லப்பட்டான், இருபது வயது. கணவர் குண்டுக் காயத்தோடு பிழைத்தார். நீதிபதிகளின் வீட்டு முகவரியை இணையத்திலிருந்து நீக்க வழி செய்யும் சட்டம் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே 2022 டிசம்பரில் வந்தது. அந்த அம்மா மறுபடி நீதிமன்றத்துக்கு வந்து உட்கார்ந்தார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, என் மகளும் கிட்டத்தட்ட அதே வயதில்தான் சட்டம் படிக்க வேண்டும் என்று சொன்னாள். பிள்ளைகளுக்கு இந்தப் பதவியைக் காட்டுகிறவர்கள் இதையும் காட்ட வேண்டும்.

ஓய்வு விஷயம் மட்டும் பாக்கி. 65 வயதும் 15 ஆண்டு வேலையும் சேர்ந்து எண்பது ஆகிவிட்டால் முழுச் சம்பளத்தோடு ஒதுங்கிக்கொள்ளலாம். பலர் ஒதுங்குவதில்லை, மூத்த நீதிபதி என்ற நிலையில் குறைந்த வழக்குகளை எடுத்துக்கொண்டு தொடர்கிறார்கள். அப்படி அவர் நகரும்போதுதான் இடம் காலியாகிப் புதியவர் வருகிறார். கேன்சஸ் மாநிலத்தில் வெஸ்லி பிரவுன் என்ற நீதிபதி, 1962-ல் கென்னடி நியமித்தவர், 2012-ல் இறக்கும்போது வயது 104, அதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரை வழக்குக் கேட்டார்.

நாத்தனாருக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: உன் மருமகள் எந்தப் படியிலும் இல்லை, வரும் கோடையில் நியூவார்க்கில் இலவச சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள், வீட்டு வாடகை வழக்குகள். "அதுல சம்பளம் என்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, அங்க தமிழ் பேசறவங்க யாராவது வந்தா இவ ஒதவுவாளே" என்றார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள். படிக்கட்டுப் படத்தை எடுத்துவிடுங்கள், ஆண்டு எண்களையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு நீதிபதியின் வாழ்க்கையை, அவர் நீதிபதி ஆவதற்கு முந்தைய இருபது ஆண்டை, ஆண்டு வாரியாகப் போடுங்கள்; காத்திருந்த ஆண்டுகளையும் சேர்த்து. மாஜிஸ்ட்ரேட் நீதிபதி பதவிக்கும் கிளார்க் வேலைக்கும் விண்ணப்பிக்கும் வழியை ஒரு பெட்டியில் தனியாகத் தாருங்கள். விவரம் சரிபார்க்க உதவி வேண்டுமானால் என் மகளும் அவள் நண்பர்களும் எழுதித் தரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
நியூ ஜெர்சி